நஞ்சுக்கு வழங்கும் பெயர்கள்

நஞ்சு என்னும் பொருளுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் உள என்று வினவினால், பழைய முறையில் நிகண்டு மனனம் செய்தவர் தயங்காமல் அடுக்குவார்: விடம், ஆலம், ஆலகாலம், காளம், காளகூடம், கரளம், கரம், கடு. பாம்பின் நச்சுப் பற்கள் நான்கிற்கும் காளி, காளாத்திரி, யமன், யமதூதி என்று தனித்தனியே பெயர் சொல்வார். பார்வையாலேயே கொல்லும் பாம்புக்குத் திட்டிவிடம் என்று பெயர். மணிமேகலையில் இராகுலன் மாண்டது அதனால்தான். இத்தனை பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் மொழி, தன் மக்கள் கையாலும் மூச்சாலும் நாள்தோறும் தொட்டுப் பழகும் நஞ்சுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது? விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஊர்களில் அதற்கு 'மருந்து' என்று பெயர்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் 'மருந்து அறை' என்றால் மருத்துவரிடம் சென்று நிற்கும் இடமன்று. மருந்து கலக்குதல், மருந்து செலுத்துதல், மணி மருந்து என்பன அங்கே தொழிற்பெயர்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, பச்சை ஒளிக்குப் பேரியம் நைட்ரேட், சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் ஆகியவற்றை உரிய விகிதத்தில் சலித்துக் கலந்தால் கிடைப்பது மருந்து. சட்டம் இதனை 'வெடிபொருள்' என்கிறது. சரக்குப் பட்டியல் 'இரசாயனம்' என்கிறது. கலப்பவரும் காகிதக் குழாயில் செலுத்துபவரும் சொல்வது மருந்து என்பதே. செய்தித்தாள்களும் இப்பெயரையே எடுத்துக்கொண்டன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் இருபது பேரளவில் மாண்டபோதும், இவ்வூர்களின் ஏனைய சிறு விபத்துகளின்போதும், 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு' என்னும் வாய்பாட்டை நாம் படித்திருக்கிறோம். மருந்து உராய்ந்து மனிதர் இறந்தனர் என்னும் வாக்கியம் வேற்றூரார் காதில் எவ்வளவு விந்தையாக ஒலிக்க வேண்டும்! நமக்கு அது விந்தையாக ஒலிப்பதில்லை. அந்தப் பழக்கமே இங்கு ஆய்வுக்குரியது.

இப்பெயர் சிவகாசியில் பிறந்ததன்று. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, அதனை இவ்வறண்ட கரிசல் நிலத்தில் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெடிமருந்து என்னும் சொல் தமிழில் இருந்தது. மலையாளத்தில் வெடிமருந்நு; தெலுங்கில் மந்து; கன்னடத்தில் மத்து. இந்த நான்கு மொழிகளிலும் நோய் தீர்ப்பதும் குண்டு வெடிப்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. தென்னாட்டோடும் இது நிற்கவில்லை. சீனர் வெடிமருந்தை 'ஹுவோ யாவ்' என்றனர். பொருள், நெருப்பு மருந்து. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபுப் படைக்கலச் சுவடிகளிலும் குழாயில் இடும் கலவைக்கு வழங்கிய பெயர் 'தவா', அதாவது மருந்து. சீன மருத்துவரும் இரசவாதிகளும் சாவாமைக்கு வழி தேடுகையில் வெடியுப்பையும் கந்தகத்தையும் கலந்து பார்த்தார்கள் என்பது அறிவியல் வரலாற்றாசிரியர் கருத்து. மருந்தைத் தேடப் போய் வெடியைக் கண்டவர்கள் பழைய பெயரை மாற்றாமல் விட்டுவிட்டனர். 'மருந்து' என்பதன் அடிப்பொருளும் இதற்கு இடம் தந்தது. பல சரக்குகளை அளவறிந்து கூட்டி ஆக்கியது எதுவும் பழைய வழக்கில் மருந்துதான். நன்மையா தீமையா என்பது பின்னர் வரும் கேள்வி.

அதனால்தான் சோற்றில் கலந்து ஒருவரை வசப்படுத்துவதாக நம்பப்பட்ட பொருளுக்கும் நம் பாட்டிமார் 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்றே சொன்னார்கள். அகராதிகள் அதனை மருந்தீடு என்னும். இலத்தீன் மொழியில் நஞ்சைக் குறிக்கும் 'வெனேனும்' என்ற சொல்லும் தொடக்கத்தில் காதல் வசிய மருந்தைக் குறித்ததென்றும், அது வீனஸ் என்னும் தேவதையின் பெயரோடு உறவுடையதென்றும் மொழிநூலார் கூறுவர். கிரேக்கரின் 'பார்மகோன்' மருந்து, நஞ்சு இரண்டுக்கும் பொது. ஆகவே தமிழ் மட்டும் ஏமாந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. மனித நாவு எங்கும் இவ்விரண்டையும் அருகருகே வைத்தே பேசியிருக்கிறது.

நம் நிகண்டுகளின் குறை இங்கேதான் தெரிகிறது. திவாகரமும் பிங்கலமும் மண்டல புருடரின் சூடாமணியும் பெயர்களைச் செய்யுளில் கட்டிக் காத்த பெருந்தொண்டை மறுப்பார் இல்லை. ஆனால் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை அவை ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாம் ஒன்றே என்று விட்டுவிடும். ஆலமும் கடுவும் ஒரே எடையுள்ள சொற்கள் அல்ல. ஆலகாலம் பாற்கடல் கடைந்த புராணத்தோடு பிறந்தது. அதனை ஒரு தேள்கடிக்குச் சொன்னால் நகைப்பு வரும். கடு என்பது கடுமை, கடுப்பு, கடுகு என்பவற்றோடு நிற்கும் சொல். நாவில் உறைப்பதில் தொடங்கி உயிரை வாங்குவது வரை அதன் எல்லை நீளும். காளம் நிறத்தால் வந்த பெயர்: கருமை. ஒருசொல் பல்பொருள் பெயர்த் தொகுதியைத் தனியே வைத்த நிகண்டு ஆசிரியர்கள், பல்பெயர்களின் வேற்றுமையைச் சொல்ல ஒரு தொகுதி வைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அந்த வேற்றுமையை ஓரளவு காட்டியது. ஆயினும் அதன் கண் பெரிதும் ஏட்டின் மேலேயே இருந்தது. தொழிற்கூடங்களின் பேச்சை அது அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

இனி நஞ்சு என்னும் சொல்லையே பார்ப்போம். இதனை 'நை' என்னும் அடியோடு, நைந்து அழிதல் என்ற பொருளில், இணைப்பவர் உண்டு. இதன் பெயரடை வடிவம் நச்சு. நச்சுப்பல், நச்சுப்புகை என வரும். இதே ஒலியில் விரும்புதல் என்னும் பொருளுடைய நச்சுதல் என்ற வினையும் உண்டு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயரில் உள்ளது இந்த இரண்டாவது நச்சு. திருவள்ளுவர் 'நன்றியில் செல்வம்' அதிகாரத்தில், எட்டாவது குறளில், இவ்விரு நச்சையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்: யாராலும் விரும்பப்படாதவனின் செல்வத்தை ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சு மரத்துக்கு ஒப்பிட்டார். விருப்பமும் விடமும் ஒரே ஒலியில் உறைவதை இதைவிடச் சிறப்பாக எவரும் பயன்கொண்டதாக நாம் அறியோம். நஞ்சு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. குழந்தை பிறந்தபின் வெளிப்படும் பையை நம் மருத்துவச்சிகள் நஞ்சு என்றனர். அதில் தொங்குவது நஞ்சுக்கொடி. பத்து மாதம் உயிரூட்டியது, பிறப்புக்குப்பின் உடலில் தங்கினால் தாயைக் கொல்லும். பெயரிட்டவர் அதனை எந்த நேரத்தில் பார்த்துப் பெயரிட்டார் என்பது தெளிவு. (நஞ்சை நிலத்துக்கு இதில் பங்கில்லை, அது நன்செய் என்பதன் மரூஉ. நஞ்சை இல்லாது புஞ்சையே மிகுந்ததால்தான் இவ்வட்டாரம் தீக்குச்சிக்குத் திரும்பியது என்பது வேறு கதை.)

விஷம் வடமொழிச் சொல். இலத்தீனில் 'வைரஸ்' என்பது அதன் உடன்பிறப்பு. அங்கும் முதற்பொருள் நஞ்சுதான். பொதுமேடையில் நாம் அன்றாடம் கேட்கும் விஷமம், விஷமி, விஷமத்தனம் ஆகியவை மட்டும் விஷத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. 'விஷம' என்றால் சமமற்றது, ஏறுமாறானது. குறும்புப் பிள்ளையை விஷமக்காரன் என்றால் அவன் நிலையாக இருப்பதில்லை என்றே பொருள். அவனிடம் நஞ்சு இல்லை. ஆனால் 'விஷமப் பிரச்சாரம்' என்பதும் 'விஷப் பிரச்சாரம்' என்பதும் இன்று ஒன்றுக்கு மற்றொன்றாக அச்சேறுகின்றன. குறும்பும் கொலையும் ஓர் உயிர்மெய்யெழுத்து வேறுபாட்டில் கலந்து போகின்றன. கடுமையாகக் கண்டிக்கப்பட வேண்டியதை மென்மையாகவும், மென்மையாகக் கடியத்தக்கதைக் கடுமையாகவும் சொல்லிவிடும் இந்தக் குழப்பம் பத்திரிகைத் தமிழுக்குப் புகழ் சேர்ப்பதன்று.

அரபு மொழியில் நஞ்சுக்குப் பெயர் 'ஸம்மு' அல்லது 'ஸும்மு'. குர்ஆனின் சொற்களுக்கு அகராதி கண்ட இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி அவர்கள் இவ்வேரின்கீழ் மூன்று சொற்களைச் சேர்த்து வைக்கிறார்கள். ஊசியின் காது போன்ற குறுகிய துளைக்கு ஸம்மு என்று பெயர். அஃராஃப் அத்தியாயத்தில், ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது பற்றிய உவமையில், வருவது அச்சொல். கொல்லும் நஞ்சும் ஸம்மு. ஏனெனில் அது நுண்மையாக உடலின் உட்பகுதிகளுக்குள் புகுந்துவிடுகிறது. நஞ்சைப் போலவே உள்ளே புகுந்து வாட்டும் வெங்காற்று 'ஸமூம்'. இந்த விளக்கத்தை நாம் படிக்கும்போது பட்டாசுக்கூடத்துத் தூசியே நினைவுக்கு வருகிறது. அலுமினியப் பொடி மாவினும் நுண்ணியது. அதைக் கையாள்வோரின் முகமும் கையும் வெள்ளி பூசியது போல் மினுங்குவதைப் படங்களில் எவரும் கண்டிருப்பர். அது தோலின் துளைகளில் ஒட்டும், நாசித் துளையில் ஏறும். துளையிலிருந்து நஞ்சுக்கும் நஞ்சிலிருந்து அனற்காற்றுக்கும் செல்லும் ஒரு சொல்வேர் இத்தொழிலின் இடர்கள் இரண்டையும் முன்பே அறிந்தது போல் இருக்கிறது. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் நஞ்சு பற்றிய நூலுக்குக் 'கிதாபுஸ் ஸுமூம்' என்றே பெயர். நஞ்சை நஞ்சென்று தலைப்பிட்டுவிட்டுத்தான் அதன் முறிவைப் பேசினார்கள்.

ஆனால் அதே அரபியர் பாம்பு தீண்டியவனைக் கண்டால் 'ஸலீம்' என்றனர். நலமாக இருப்பவன் என்று பொருள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸில், நஞ்சேறிய தம் குலத்தலைவருக்கு உதவி தேடி வரும் பெண், தலைவர் 'ஸலீம்' ஆக இருக்கிறார் என்றே சொல்கிறார். பயணக் குழுவில் ஒருவர் ஃபாத்திஹா ஓதிக் குணப்படுத்துகிறார். ஆளைக் கொல்லும் பாலையை 'மஃபாஸா', அதாவது வெற்றியிடம், என்றழைத்ததும் இதே மரபு. நம்மவர் நாகத்துக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் வைத்ததை இதனோடு ஒப்பிடலாம். இருட்டிய பின் அந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல் 'பூச்சி' என்பார்கள்.

இந்த மங்கல வழக்கும் 'மருந்து' என்னும் வழக்கும் மேலோட்டமாக ஒன்று போலத் தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. நல்ல பாம்பு என்று சொல்பவர் எவரும் அதனை நல்லதென்று எண்ணி அருகில் செல்வதில்லை. அந்த 'நல்ல' என்பது அச்சத்தில் பிறந்தது; சொல்லும் போதெல்லாம் அச்சத்தைப் புதுப்பிப்பது. ஸலீம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அந்தப் பயணக் குழு விரைந்து எழுந்ததே தவிர, நலமாயிருக்கிறாரே என்று அமரவில்லை. மருந்து என்ற சொல்லில் அந்த அச்சம் இல்லை. அது பழக்கத்தில் தேய்ந்த சொல். சமையலறையில் மசாலாவைச் சொல்வது போல் அதைச் சொல்லலாம். நேற்று மிஞ்சியதை இன்று எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுக்கிறது. கலந்த மருந்து மிஞ்சக் கூடாது, ஈரம் படக் கூடாது, உலோகக் கரண்டி கூடாது என்னும் விதிகள் எல்லாம் இந்தப் பெயரின் மென்மைக்கு எதிராக நின்று போராட வேண்டியிருக்கிறது.

வேளாண்மையில் இதே சிக்கல் முன்பே எழுந்தது. பயிரில் தெளிப்பதைப் பூச்சிமருந்து என்று கடைக்காரரும் அதிகாரியும் விவசாயியும் ஒரே குரலில் சொன்னார்கள். இயற்கை வேளாண் இயக்கத்தார், குறிப்பாக 2013இல் மறைந்த கோ. நம்மாழ்வாரும் அவரைப் பின்பற்றியோரும், அது மருந்தன்று, பூச்சிக்கொல்லி என்று மேடைதோறும் வாதிட்டனர். 'நஞ்சில்லா உணவு' என்ற தொடர் அவ்வியக்கத்தின் வழியே இன்று நகர்ப்புறக் கடைப் பலகைகளில் ஏறிவிட்டது. ஒரு சொல்லின் திருத்தம் சந்தையையே ஓரளவு திருப்பியதற்கு இது சான்று. பட்டாசுத் தொழிலில் அவ்வாறான சொற்போர் எதுவும் நிகழவில்லை.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், ஹிஜ்றத்துக் காண்டத்தில், விடமீட்ட படலம் என்றொரு பகுதி உள்ளது. தௌர் குகையின் புடைகளில் ஒன்றைத் தம் பாதத்தால் அடைத்திருந்த அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களை அரவு தீண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உமிழ்நீரால் நலமாக்கிய செய்தி அதில் பாடப்படுகிறது. நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடரை வலுவுடையதாக ஏற்காத ஹதீஸ் கலைஞர் உளர். அவ்விவாதம் நம் பொருளன்று. படலத்துக்கு வழங்கும் பெயரைக் கவனிப்போம். விடம் நீக்கிய படலம், விடம் தீர்த்த படலம் என்று பெயரிட்டிருக்கலாம். மீட்ட என்பது அடகில் இருந்ததைத் திரும்பப் பெறும் சொல். உயிர் விடத்தினிடம் ஈடாகச் சென்றுவிட்டது, அது மீட்கப்பட்டது என்ற கற்பனை அப்பெயரில் அடங்கியுள்ளது. நம் ஊர்ச் சொற்பொழிவு மரபில் இக்கதை மேலும் வளர்ந்தது: அந்தப் பாம்பு நபிகளாரைக் காணும் வேட்கையால் பல காலம் காத்திருந்தது, வழியை மறித்த பாதத்தைத் தீண்டியது என்பர். நச்சிய பாம்பின் நச்சு! கதை சொன்ன முதியவர்கள் சொற்பொருளாராய்ச்சி செய்யவில்லை; மொழி அவர்களுக்கு அந்த வழியைத் திறந்துவைத்திருந்தது. உமறு அடங்கியிருக்கும் எட்டயபுரம் கோவில்பட்டிக்குக் கிழக்கே, தீப்பெட்டித் தொழில் பரவிய அதே கரிசல் சீமையில் உள்ளது. விடத்தைப் பற்றி இத்துணை நுட்பமாகப் பேசிய தமிழ் அந்த மண்ணில்தான் விளைந்தது.

மருத்துவ மரபுக்கு வருவோம். சித்த மருத்துவம் கந்தகத்தைப் பாடாணங்களுள் ஒன்றாக, அதாவது தாது நஞ்சுகளுள் ஒன்றாக, எண்ணுகிறது. வெடியுப்பு உப்பு வகையில் சேரும். மனோசிலை, தாளகம் என்னும் ஆர்சனிக் கனிமங்களும் பாடாண வரிசையில் உள்ளன. பழைய வாணவேடிக்கைக் கலவைகளில் அவையும் இடம்பெற்றன. இவற்றை மருந்தாக்குமுன் சுத்தி செய்ய வேண்டும் என்பது சித்தர் விதி. மரபுவழியில் யாகோபு என்றழைக்கப்படும் இராமதேவர் பெயரிலான நூல்களைப் போற்றிய நம் ஹகீம்களும் இவ்விதியைக் கடைப்பிடித்தனர். கெட்ட மருந்தை நபிகளார் தடுத்ததாக வரும் ஹதீஸுக்கு, அங்கே கருதப்பட்டது நஞ்சு என்று அறிஞர் விளக்கம் தந்துள்ளனர். மருந்தென்ற பெயர் ஒரு பொருளை ஆகுமாக்கிவிடாது என்னும் கருத்து அவ்விளக்கத்தில் உண்டு.

சுத்தி செய்யாத மருந்தின் கதையைப் பேரியம் சொல்லும். நீரில் கரையாத பேரியம் சல்பேட்டை மருத்துவமனையில் குடிக்கக் கொடுத்து வயிற்றைப் படம் பிடிக்கிறார்கள். அது கேடின்றி வெளியேறுகிறது. நீரில் கரையும் பேரியம் நைட்ரேட் உட்சென்றால் இரத்தத்தின் பொட்டாசியத்தைக் குறைத்துத் தசைகளையும் இதயத்தையும் தாக்கும். ஒரே தனிமம்; ஓரிடத்தில் நோயறியும் துணை, ஓரிடத்தில் நஞ்சு. உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31ஆம் நாள் ஆர்சனிக், ஈயம், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்கக் கூடாதென்றது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் பேரியம் உப்புகளையும் விலக்கியது. 2021இலும் 2023இலும் அதனை உறுதி செய்தது. இவ்வழக்கு 2015இல் தில்லிக் குழந்தைகள் மூவர் பெயரால் தொடுக்கப்பட்டது. அதன்பின் வந்தது 'பசுமைப் பட்டாசு'. பச்சை ஒளி தந்த பேரியத்தை விலக்கும்படி ஆணையிடப்பட்ட பட்டாசுக்குப் பசுமை என்று பெயர்! பெயரிடும் கலை இத்தொழிலை விட்டு விலகுவதாக இல்லை.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழியைச் சொல்லி, ஓர் இரவு வெடிப்பதில் என்ன குறை என்பாரும் உண்டு. அளவு என்பது யாருடைய அளவு? வெடிப்பவருக்கு ஓரிரவு. கலப்பவருக்கு ஆண்டில் முந்நூறு நாள்.

இதன் உச்சம் 'பாம்பு மாத்திரை'. கறுப்பு வில்லையாக இருக்கும். கொளுத்தினால் சாம்பல் பாம்பு போல் நெளிந்து நீளும். ஒலியில்லை, தீப்பொறியில்லை, ஆகவே மிகச் சிறிய பிள்ளைகளின் கையில் முதலில் கொடுக்கப்படுவது இதுவே. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய இதன் மூல வடிவம் பாதரச உப்பால் ஆனது, கொடிய நஞ்சு. இன்றையது பாதரசமின்றிச் செய்யப்படுவது. எனினும் புணேயில் உள்ள மார்பு நோய் ஆராய்ச்சி அமைப்பொன்றும் அவ்வூர்ப் பல்கலைக்கழக மாணவரும் 2016இல் அளந்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட பட்டாசு வகைகளுள் மிக அதிக நுண்துகளை வெளியிட்டது இந்த மாத்திரைதான். சரவெடியும் அதற்குப் பின்னரே நின்றது. பாம்பும் மருந்தும் ஒரே பெயரில் அருகருகே இருக்கின்றன. ஆனால் அப்பெயரைக் கேட்டு எந்தத் தாயும் குழந்தையைப் பின்னுக்கு இழுப்பதில்லை.

பொருளின் மேலிருந்து இறக்கிவிடப்பட்ட நஞ்சு என்னும் பெயர் எங்கே போயிற்று? மனிதர்மேல் ஏறியது. நச்சுப்பாம்பு, விஷ வித்து, விஷச்செடி, நச்சுக்கிருமி என்பன இன்று மேடைத் தமிழில் பெரும்பாலும் மனிதரையும் சமூகங்களையும் குறிக்கும் சொற்கள். இதன் ஆபத்து கற்பனையன்று. 1938இல் ஜெர்மனியில் யூலியஸ் ஸ்ட்ரைக்கரின் பதிப்பகம் சிறுவர்க்கென வெளியிட்ட நூலின் பெயர் 'நச்சுக் காளான்'. காளான்களில் நல்லதும் நச்சும் இருப்பது போல் யூதர் நச்சு மனிதர் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தது. 1994இல் ருவாண்டாவில் வானொலி டுட்ஸி மக்களைக் கரப்பான் என்றும் பாம்பு என்றும் கூவியது. நம் நாட்டில் 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் தப்லீக் மாநாட்டுக்குப் பின், பெருந்தொற்றின் கிருமியையும் ஒரு சமூகத்தையும் ஒரே தலைப்பில் எழுதியவர் பலர். வைரஸுக்கு நாம் ஏற்கெனவே 'நச்சுயிரி' என்று தமிழாக்கம் செய்திருந்தோம். நோயின் பெயர் மனிதரின் பெயராக மாற ஒரு படி குறைவாகவே இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் பயணிகள்மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்ற கருத்தைப் பதிந்தது. உடலில் புகும் நஞ்சை மருந்தென்றும், உடன் வாழும் மனிதனை நஞ்சென்றும் சொல்லப் பழகிய மொழிச்சூழல் நமக்குக் கவலை தருவதில் வியப்பில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். சிவகாசிச் சரக்கை நஞ்சென்பது அதனைச் செய்யும் கைகளை இழிவுபடுத்துவதாகாதா? மழை பொய்த்த இந்தச் சீமையில் பல்லாயிரம் குடும்பங்கள் உண்பது இத்தொழிலால். அவர்களுள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நீதிமன்ற ஆணை வரும்போதெல்லாம் அவர்கள் அடுப்பு அணைகிறது. தொலைவில் இருந்துகொண்டு 'நச்சுத் தொழில்' என்று எழுதுவது எளிது. இம்மறுப்பின் நியாயத்தை நாம் ஏற்கிறோம்; ஆனால் அது பெயரை மறைப்பதற்கு நியாயமாகாது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். அங்கே கட்டுவிரியனின் பல்லிலிருந்து எடுப்பதை நஞ்சென்றே சொல்லி, நஞ்சென்றே எழுதி, நஞ்சென்றே விற்கிறார்கள். அதிலிருந்து நாட்டின் நஞ்சுமுறிவு மருந்து உருவாகிறது. பெயரைத் திறந்து சொன்னதால் அத்தொழில் செய்யும் இருளரின் மதிப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை. கொடியதைக் கையாளும் திறனுக்குரிய மரியாதை அது. பட்டாசுக்கூடத்தில் மருந்து கலப்பவருக்கு அந்த மரியாதையும் அதற்குரிய கூலியும் காப்பும் கிடைக்காமைக்கு, அவர் கையில் இருப்பது வெறும் 'மருந்து' என்ற எண்ணமும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். நச்சுப்பொருள் கையாள்பவர் என்று எழுதினால் முகக்கவசமும் மருத்துவச் சோதனையும் கேட்கும் உரிமை அச்சொல்லோடு சேர்ந்து வரும்.

வட்டாரப் பேச்சில் ஊறிய சொல்லை ஆணையிட்டு மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டியதில்லை. அகராதி செய்வோர் அதனைப் பொருளோடு பதிய வேண்டும் என்பதே நம் கோரிக்கை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வாழும் வழக்கிலிருந்து சொல் திரட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தது. அம்முறையில் விருதுநகர் மாவட்டத்துக்கென ஒரு தொழிற்சொல் தொகுப்பு வருமானால், 'மருந்து' என்னும் தலைச்சொல்லின்கீழ் நோய் தீர்ப்பது என்பதையடுத்து, உராய்வாலும் ஈரத்தாலும் தீப்பற்றும் கலவை என்றும், மூச்சிலும் தோலிலும் புகுவது என்றும் எழுத வேண்டும். மருந்து அறை, மருந்து செலுத்துதல், மணி மருந்து ஆகியவை உட்பிரிவாக வரும். கழிவு மருந்து என்பதற்கு எதிரே, அன்றைய வேலை முடிந்ததும் மிச்சமாகும் கலவை, மறுநாளுக்கு வைக்கலாகாதது, அன்றன்றே அழிக்க வேண்டியது என்று பொருள் இருக்கும்.